ஜலமா, ஜுவாலையா?

மலாக்கா நகரிலிருந்து ஜாசினுக்குச் செல்லும் சாலையில் பெம்பான் என்றொரு சிற்றூர் இருக்கிறது. அதை அடுத்த ஒரு செம்பனைத் தோட்டத்தில்தான் நான் பிறந்து வளர்ந்தேன். என் தாத்தா அங்கே பால்மரம் வெட்டியவர். அப்பா அதே தோட்டத்தில் மண்டோராக இருந்தவர். ஆறாண்டுகள் தமிழ்ப்பள்ளியிலும் பின்னர் தேசிய இடைநிலைப் பள்ளியிலும் படித்துவிட்டுப் பல்கலைக்கழகத்தில் காலடி வைத்தவள் நான். எல்லை கடந்த வேலைவாய்ப்பு, பன்முகப் பண்பாடு, பயிற்சித் திட்டம் என்ற சொற்களை விரிவுரை அரங்கில் கேட்கும்போதெல்லாம் எனக்கு ஒரு மனிதரின் சிவந்த கண்தான் நினைவுக்கு வரும். அந்தக் கண்ணைப் பற்றிச் சொல்லிவிட்டே கட்டுரைக்குள் செல்கிறேன்.

அப்பொழுது நான் இரண்டாம் படிவம் படித்துக் கொண்டிருந்தேன். வங்காளதேசத்திலிருந்து புதிதாக வந்த இளைஞர் ஒருவர் அப்பாவின் குழுவில் மருந்தடிக்கும் வேலையில் சேர்ந்திருந்தார். ஒரு நாள் காலை, முதுகில் மருந்துப் பம்புடனேயே அவர் அப்பாவிடம் ஓடி வந்து, “சோக் ஜொலே, சோக் ஜொலே” என்று கத்தினார். அப்பாவுக்கு வங்காள மொழி தெரியாது. ‘சோக்கு’ என்றால் நம் பேச்சுவழக்கில் வேறு பொருள். ‘ஜொலே’ மட்டும் அவருக்குத் தெரிந்த சொல்லாகக் காதில் விழுந்தது. ஜலம் கேட்கிறார் போலும் என்று எண்ணி, இடுப்பிலிருந்த தண்ணீர்ப் புட்டியை நீட்டி, “குடிச்சிட்டு வேலையைப் பாரு” என்றார். புதிதாக வந்தவர், மண்டோர் கொடுப்பதை மறுக்கும் துணிவு அவருக்கு ஏது? ஒரு மிடறு குடித்தார். பிறகு கண்ணைக் கசக்கிக் கொண்டே நிரைக்குள் போனார்.

வங்காளத்தில் ‘சோக்’ என்றால் கண். ‘ஜொலே’ என்றால் எரிகிறது. நாம் வடமொழியிலிருந்து பெற்று ஜுவாலை என்று வழங்குகிறோமே, அதே வேரிலிருந்து கிளைத்த சொல் அது. நெருப்பைச் சொன்னவருக்கு அப்பா நீரைக் குடிக்கக் கொடுத்திருக்கிறார். வங்காளதேச முஸ்லிம்கள் தண்ணீரை ‘ஜொல்’ என்று கூடப் பெரும்பாலும் சொல்வதில்லை, ‘பானி’ என்றே சொல்வார்கள் என்பது எங்களுக்கு வெகுநாள் கழித்துத்தான் தெரிந்தது. களைக்கொல்லி கண்ணில் பட்டால் உடனே ஓடும் நீரில் குறைந்தது பதினைந்து நிமிடம் கழுவ வேண்டும். அன்று கழுவியபோது அரைமணி நேரத்திற்கு மேல் ஆகிவிட்டிருந்தது. பார்வை போகவில்லை என்பது அவருடைய நல்ல காலம். ஆனால் பல நாட்கள் அந்தக் கண் சிவந்தே இருந்தது. அப்பாவும் பல நாட்கள் சரியாகச் சாப்பிடவில்லை.

அந்த மருந்துப் புட்டியைப் பின்னர் நான் பார்த்தேன். அதன் எச்சரிக்கை மலாய், ஆங்கிலம், சீனம், தமிழ் என நான்கு மொழிகளில் இருந்தது. தமிழ் எழுத்தைக் கண்டதும் எனக்கு முதலில் மகிழ்ச்சிதான். பிறகுதான் உறைத்தது. அத்தமிழைப் படிக்க வேண்டியவர்கள் பெரும்பாலும் தோட்டத்தை விட்டுப் பட்டணத்துத் தொழிற்சாலைகளுக்குப் போய்விட்டார்கள். இன்று பம்பைச் சுமப்பவர் படிப்பது வங்காள எழுத்தோ நேப்பாள எழுத்தோதான். அவை அந்தப் புட்டியில் இல்லை.

இந்த இடத்தில் சற்றுப் பின்னோக்கிச் செல்வது அவசியமாகிறது. ஏனெனில், ஒரு காலத்தில் இதே தோட்டங்களில் மொழி தெரியாமல் வந்திறங்கியவர்கள் நாம்தாம்.

இந்நாட்டில் ரப்பரை வாணிக முறையில் முதலில் பயிரிட்டவர் மலாக்காவைச் சேர்ந்த டான் சே யான். 1896-இல் புக்கிட் லிந்தாங்கில் தொடங்கி, பிறகு எங்கள் ஜாசின் மாவட்டத்துப் புக்கிட் அசகானில் பெரிய அளவில் நட்டார். ரப்பர் பெருகப் பெருக ஆள் தேவை பெருகியது. 1907-இல் அமைக்கப்பட்ட குடியேற்ற நிதியின் துணையோடு, கங்காணிகள் தத்தம் சொந்த ஊர்களுக்கே சென்று உறவினரையும் ஊராரையும் அழைத்து வந்தனர். 1938-இல் இந்திய அரசு தடை விதிக்கும் வரை இது நீடித்தது. இன்றைய சொல்லில் கூறினால், அதுவும் எல்லை கடந்த வேலைவாய்ப்புத் திட்டமே. ஆனால் அதில் பயிற்சி என்று தனியாக ஒன்றும் இருந்ததாகத் தெரியவில்லை. கங்காணியே முகவர், அவரே மொழிபெயர்ப்பாளர், அவரே ஆசிரியர்.

மாறாக, தமிழ் படித்தாக வேண்டியிருந்தது துரைக்குத்தான்! இது என் தலைமுறையில் பலர் அறியாத செய்தி. இலண்டனிலிருந்தும் ஸ்காட்லாந்திலிருந்தும் வந்த சின்ன துரைகள் தோட்டத்தில் நிலைபெறத் தமிழ் கற்க வேண்டும் என்று எதிர்பார்க்கப்பட்டது. 1919-இல் மலாயாவில் தோன்றிய தோட்ட நிர்வாகிகள் கழகம் அவர்களுக்குத் தமிழ்த் தேர்வும் நடத்தியது. அத்தகையோருக்கென்றே கொழும்பில் கையேடுகள் அச்சாயின. டபிள்யூ. ஜி. பி. வெல்ஸ் என்பவர் 1915-இல் வெளியிட்ட நூலின் பெயரே ‘கூலித் தமிழ்’. அதற்கும் முன்பே, 19-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில், ஏ. எம். பெர்கூசன் என்பவர் சின்ன துரைகளின் சட்டைப் பைக்கென்று ஒரு சிறு நூல் எழுதினார். அதன் தலைப்பு என்ன தெரியுமா? ‘இங்கே வா!’

நூலகப் பட்டியலில் அத்தலைப்பைக் கண்டபோது முதலில் எனக்குச் சிரிப்பு வந்தது. சற்று யோசித்தால், அதில் ஒரு முழு வரலாறே அடங்கியிருக்கிறது. இலக்கண வகுப்பில் ஏவல் என்று படிக்கிறோம். வினா என்று படிக்கிறோம். தோட்டத்து மொழிப் பயிற்சி ஏவலில் தொடங்கியது. வா, போ, வெட்டு, தூக்கு. வேலை வாங்க அது போதும். “வலிக்கிறதா?” என்பது வினா. அது தெரியாமலே ஒரு துரை முப்பது ஆண்டுகள் தோட்டத்தை நடத்திவிடலாம். என் பாட்டி இதை என்னைவிட நன்றாகச் சொல்வார்: “தொரைக்குத் தமிழ் நல்லாத் தெரியும்மா. ஆனா கேக்கத் தெரியாது.” நம் மொழியில் கேட்பது என்ற ஒரே சொல் வினவுவதையும் செவிமடுப்பதையும் குறிக்கிறது. பாட்டி எந்தப் பொருளில் சொன்னாரோ தெரியவில்லை, இரண்டும் பொருந்தும்.

துரையை இப்படிக் குறை சொல்லிவிட்டு நான் தப்பித்துக் கொள்ள முடியாது. கண் எரிந்த அந்தச் சம்பவத்திற்குப் பிறகு அப்பா ஒரு 555 புத்தகம் வாங்கினார். நம் ஊர் மளிகைக் கடைகளில் கடன் எழுதும் அதே சின்னப் புத்தகம்தான். மாலையில் அந்த இளைஞரை லயத்து வாசலில் உட்கார வைத்து, வங்காளச் சொற்களைத் தமிழ் எழுத்தில் எழுதத் தொடங்கினார். அந்த அண்ணனும் (அப்படித்தான் நான் அழைத்தேன்) தன் பங்குக்கு, தான் அதுவரை கற்றிருந்த தமிழ்ச் சொற்களை வங்காள எழுத்தில் எழுதி வைத்திருந்த ஒரு தாளைக் காட்டினார். ஒவ்வொன்றாகப் படிக்கச் சொன்னோம். “இங்க வா. சீக்கிரம். அங்க இல்ல. சோம்பேறி.” இந்த வரிசையில்தான் இருந்தன. அப்பா முதலில் சிரித்தார். பிறகு வெற்றிலையை மென்று கொண்டு வெகுநேரம் பேசாமல் இருந்தார்.

அப்பாவின் புத்தகத்தில் முதல் பக்கத்தில் ஏவல் ஒன்றுகூட இல்லை. “கி ஹொய்சே?” என்றால் என்ன நடந்தது? “கோத்தாய் பேதா?” என்றால் எங்கே வலி? “பாத் கைசேன்?” என்றால் சோறு சாப்பிட்டாயா? கடைசிக் கேள்வி மருத்துவக் கேள்வியன்று. ஆனால் காலைப் பெரட்டில் அதைக் கேட்ட நாளிலிருந்துதான் மற்றவர்கள் தாமாக வந்து உடம்பு சரியில்லை என்று சொல்லத் தொடங்கினார்கள் என்பார் அப்பா. சாப்பாட்டைக் கேட்டுப் பேச்சைத் தொடங்குவது நமக்கும் அவர்களுக்கும் பொதுவான பழக்கம். தெற்காசியாவில் பிறந்தவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை.

பொதுவானது என்று நாம் எண்ணுவதே சில சமயம் காலை வாரிவிடும் என்பதையும் சொல்ல வேண்டும். ஆலை வாசலில் நேப்பாளக் காவலர் ஒருவர் இருந்தார். இந்நாட்டில் காவல் பணிக்கு நேப்பாளத்தவர் மிகுதியாக வருவதை நீங்களும் உங்கள் குடியிருப்புகளில் கவனித்திருக்கலாம். வங்காளத் தொழிலாளர்கள் ஒருவரையொருவர் மரியாதையாக ‘பாய்’ என்று அழைப்பதைக் கேட்டுப் பழகிய அப்பா, தம்மைவிட மூத்தவரான அக்காவலரையும் ‘பாய்’ என்றே அழைத்து வந்தார். அவரோ சரியாகப் பேசமாட்டார். நேப்பாள மொழியில் ‘பாய்’ என்றால் தம்பி என்றும், அண்ணனை ‘தாய்’ என்று அழைக்க வேண்டும் என்றும் வேறொரு நேப்பாளத் தொழிலாளி சொல்லித்தான் தெரிந்தது. (‘தா’வை அழுத்தாமல், ‘தயிர்’ என்பதன் தகரத்தை மென்மையாக்கிச் சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் அண்ணன் அம்மாவாகிவிடுவார்.) ஐம்பது வயதைத் தாண்டிய ஒருவரை ஓராண்டாகத் ‘தம்பி, தம்பி’ என்று அழைத்திருக்கிறோம்! மறுநாள் ‘தாய்’ என்றதும் அவர் வாசற்கம்பத்தைத் தூக்கிய வேகமே வேறு என்று அப்பா இன்றும் சொல்லிச் சிரிப்பார். முறைப்பெயரில் இவ்வளவு இருக்கிறது என்பது, அண்ணன், அண்ணாச்சி, அண்ணே என்று நுணுக்கம் பார்க்கும் நமக்கு வியப்பளிக்கக் கூடாது.

இன்னொன்று. ஏப்ரல் 14 சித்திரைப் புத்தாண்டு என்பது நமக்குத் தெரியும். வங்காளதேசத்தின் ‘பொய்லா பொய்ஷாக்’ புத்தாண்டும் அதே நாள்தான். நேப்பாளத்தவரின் புத்தாண்டும் அந்நாளை ஒட்டியே வருகிறது. மூன்று நாட்டவர் ஒரே தோட்டத்தில், பக்கத்துப் பக்கத்து லயங்களில், தனித்தனியாக ஒரே விழாவைக் கொண்டாடிக் கொண்டிருந்தோம். யாரும் யாரையும் கேட்கவில்லை.

இனி, அரசாங்கங்கள் செய்வதைப் பார்ப்போம். 1984-இல் மேடானில் இந்தோனேசியாவுடன் மலேசியா தொழிலாளர் உடன்பாடு செய்தது. வங்காளதேசத்துடன் பல உடன்பாடுகள் வந்தன, நின்றன, மீண்டும் வந்தன. அவற்றுள் 2012 நவம்பரில் கையெழுத்தான உடன்பாடு தோட்டத் துறைக்கு முக்கியமானது. முகவர்களை விலக்கி இரு அரசுகளே ஆளெடுப்பை நடத்துவது என்பது அதன் நோக்கம். தேர்வானவர்களுக்குப் புறப்படும் முன் குறுகிய காலப் பயிற்சியும் அளிக்கப்பட்டது. 2013 ஏப்ரலில் முதல் குழு வந்திறங்கியது. எங்கள் தோட்டத்து அண்ணனும் அவ்வழியில் பின்னர் வந்தவர்தான். நேப்பாளத்துடன் 2018 அக்டோபரில் ஓர் உடன்பாடு கையெழுத்தானது. தென்கொரியாவோ 2004-இல் தொடங்கிய தன் வேலை அனுமதித் திட்டத்தில், வருபவர் கொரிய மொழித் தேர்வில் தேறியிருக்க வேண்டும் என்று விதித்திருக்கிறது. ஆக, உலகெங்கும் எதிர்பார்ப்பு ஒன்றே: வருகிறவர் கற்க வேண்டும். வரவேற்கிறவர் கற்க வேண்டியதைப் பற்றிப் பெரும்பாலான ஒப்பந்தங்கள் வாய் திறப்பதில்லை.

அப்படி வரவேற்கிற நாடும் சிறிது கற்றுக்கொண்டால் என்ன ஆகும் என்பதற்கு ஜப்பான் நல்ல உதாரணம். பொருளாதாரக் கூட்டு ஒப்பந்தத்தின் கீழ் 2008 முதல் இந்தோனேசியத் தாதியரையும், மறு ஆண்டிலிருந்து பிலிப்பீன்ஸ் தாதியரையும் ஜப்பான் அழைத்தது. அவர்கள் தத்தம் நாட்டில் தகுதி பெற்ற தாதியர்; ஆயினும் ஜப்பானின் தேசியத் தாதியர் தேர்வை ஜப்பானிய மொழியிலேயே எழுதித் தேற வேண்டும். 2009-இல் எழுதிய 82 பேரில் ஒருவர்கூடத் தேறவில்லை. 2010-இல் 254 பேரில் மூவர் மட்டுமே தேறினர். படுக்கைப் புண் என்றால் என்னவென்று தெரியாத தாதி இருக்க முடியுமா? தெரியாதது புண்ணன்று; அதற்கு ஜப்பானியர் எழுதும் கடினமான சித்திர எழுத்துதான். பிறகு தேர்வு நடத்துபவர்கள் தங்கள் வினாத்தாளையே திருப்பிப் பார்த்தார்கள். கடினச் சொற்களை எளிமையாக்கினார்கள். நோய்ப் பெயர்களுக்கு ஆங்கிலத்தையும் சேர்த்தார்கள். 2013 முதல் இவர்களுக்கான வினாத்தாளில் எல்லாச் சித்திர எழுத்துகளுக்கும் ஒலிப்பு எழுத்தை அருகில் அச்சிட்டு, நேரத்தையும் நீட்டித்தார்கள். 2012-இலேயே தேறியவர் எண்ணிக்கை 47 ஆகியிருந்தது. இதுவும் போதாது என்பவர்கள் உண்டு, நானும் அக்கட்சிதான். எனினும் தவறு தேர்வு எழுதியவரிடம் மட்டும் இல்லை என்று ஒரு நாடு ஒப்புக்கொண்டது சிறிய செய்தியன்று.

நம் நாட்டிலும் செம்பனைத் துறையில் அனைத்துலகச் சான்றிதழ் பெற விரும்பும் நிறுவனங்கள், சம்பளம், வேலை நிபந்தனை முதலியவற்றைத் தொழிலாளிக்குப் புரியும் மொழியில் விளக்க வேண்டும் என்ற விதி இருக்கிறது. விதி இருப்பது நல்லதே. அது தாளில் எப்படி நிறைவேறுகிறது, களத்தில் எப்படி நிறைவேறுகிறது என்பதை என் தொழிற்பயிற்சிக் காலத்தில் ஒரு நிறுவனத்தில் நேரில் பார்த்தேன்.

புதிதாக வந்த தொழிலாளர்களுக்கு அரைநாள் பாதுகாப்புப் பயிற்சி. திரையில் மலாயிலும் ஆங்கிலத்திலும் படங்கள் ஓடின. பயிற்சி அளித்த அதிகாரி நல்லவர், பொறுமைசாலி. ஒவ்வொரு படத்திற்குப் பின்னும் “ஃபஹாம்?” என்று கேட்டார். எல்லாரும் ஒரே குரலில் “ஃபஹாம், போஸ்” என்றார்கள். இந்நாட்டிற்கு வரும் எவரும் முதலில் கற்கும் மலாய்ச் சொல் அதுவாகத்தான் இருக்க வேண்டும். இடையில் சிலர் தலையைப் பக்கவாட்டில் அசைத்தார்கள். அதிகாரி என்னிடம் திரும்பி, “இவர்கள் ஏன் இல்லை என்கிறார்கள்?” என்றார். அந்த அசைவு ‘சரி’ என்று பொருள்படும் என்று நான் விளக்கினேன். நம் வீட்டிலும் அப்படித்தானே அசைக்கிறோம்! பயிற்சித் திட்டத்தில் நான் ஆற்றிய முதல் தொண்டு அதுதான்.

அப்பாவின் புத்தகம் நினைவுக்கு வரவே, அதிகாரியிடம் அனுமதி கேட்டு ஒன்றைச் செய்து பார்த்தோம். அத்தோட்டத்தில் சில ஆண்டுகள் வேலை செய்த ஒரு வங்காளத் தொழிலாளியை அழைத்து வந்து, புதியவர்களிடம் “புரிந்ததா?” என்று கேட்காமல், “மருந்தடிப்பது எப்படி, செய்து காட்டு” என்று அவர் மொழியில் சொல்ல வைத்தோம். பம்பில் மருந்துக்குப் பதில் வெறும் தண்ணீர். முதலாமவர் கையுறை அணிந்தார், பாதுகாப்புக் கண்ணாடி அணிந்தார், வெயிலில் ஒரு நிரை நடந்தார். பாதி வழியில் கண்ணாடியைக் கழற்றி நெற்றிக்கு ஏற்றிவிட்டார். அதிகாரி கோபப்பட்டார். “ஏன் என்று கேளுங்கள்” என்றேன். கேட்டோம். வேர்வையில் கண்ணாடி பனிமூட்டம்போல் மங்கிவிடுகிறது. தரையில் குழி எது, அடிக்கட்டை எது என்று தெரிவதில்லை. எனவே கழற்றித் துடைக்க வேண்டியிருக்கிறது. எதனால் துடைப்பது? கையுறையால்தான். கையுறையில் இருப்பதோ மருந்து.

அரைநாள் ஓடிய படங்களில் இது இல்லை. அதிகாரிக்கும் தெரியாது, ஏனெனில் அவர் பம்பைச் சுமந்தவரல்லர். அவர் தம் குறிப்பேட்டைத் திறந்து ‘கண்ணாடி, வேர்வை, துணி’ என்று எழுதிக் கொண்டார். காற்றுத் துளையுள்ள கண்ணாடிக்கு விலை கேட்கவும் சொன்னார். நான் பயிற்சி முடிந்து வரும் வரை அது வந்து சேரவில்லை. குழுவுக்கு ஒரு வாளி சுத்தத் தண்ணீரும் துணியும் மட்டும் உடனே வந்தன.

ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும். இங்கு வர முகவர்களிடம் பெருந்தொகை கொடுத்துக் கடனாளியாகும் தொழிலாளர்களின் சிக்கலையோ, கடப்பிதழை முதலாளி வைத்துக் கொள்ளும் வழக்கத்தையோ ஒரு 555 புத்தகம் தீர்த்துவிடாது. கேட்டதற்குப் பதில் சொல்லவே அஞ்சும் நிலையில் ஒருவர் இருந்தால், அவர் மொழியில் கேட்டாலும் “ஃபஹாம், போஸ்” என்றுதான் வரும். அப்பாவிடம் தாளைக் காட்டிப் படித்த அண்ணனுக்குக் கூட, ‘சோம்பேறி’ என்ற சொல்லைச் சொல்லும்போது குரல் இறங்கியது எனக்கு நினைவிருக்கிறது.

அன்றிரவு நான் வீட்டுக்குத் தொலைபேசியில் அழைத்தேன். அந்த அண்ணன் கண்ணில் மருந்து பட்ட நாளில் கண்ணாடி போட்டிருந்தாரா என்று அப்பாவிடம் கேட்டேன். சற்று நேரம் மறுமுனையில் பேச்சில்லை.

“போட்டிருந்தான்மா. காலையிலதான் அதைக் கழட்டிக் கழட்டித் தொடைக்கிறான்னு நான் திட்டினேன்.”

“ஏன் கழட்டுறேன்னு கேட்டீங்களாப்பா?”

“அப்ப எனக்கு அந்த வார்த்தை தெரியாதும்மா” என்றார் அப்பா. பிறகு, அண்ணன் தன் ஊருக்குத் திரும்பிக் கடை வைத்திருப்பதையும், சித்திரைப் புத்தாண்டன்று அழைத்து “மண்டோர், பாத் கைசேன்?” என்று கேட்டதையும் சொல்லிவிட்டு, எனக்குச் சாப்பாடு ஆகிவிட்டதா என்று விசாரித்தார்.